பனியில் புதைந்தவருக்குப் பார்த்த பெண்

கானல்பட்டிக்காரர்களுக்கு மூளையே கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். அது வீண்பழி. மூளை இருக்கிறது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் வெயிலுகந்தானுக்கு மாரிக்கனி மேல் உயிர். பெண் கேட்டுப் போன இடத்தில் அவள் அப்பா பூலோகப்பாண்டி, பையனுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டார். தெரிந்த வேலையைச் சொன்னால் செய்து காட்டச் சொல்வாரே என்று பயந்த வெயிலுகந்தானின் அம்மா, "பனியில சறுக்குவான்" என்று சொல்லிவிட்டாள். கானல்பட்டியில் பனி என்றால் மார்கழியில் வைக்கோல்போர் லேசாக நனைந்திருக்குமே, அதுதான். ஆனால் பூலோகப்பாண்டி அசரவில்லை. எவன் சறுக்குகிறானோ அவனுக்குத்தான் பெண், போட்டோவோடு வரட்டும் என்றார்.

வெயிலுகந்தான் தன் கூட்டாளிகளான சங்கிலியையும் கடற்கரையையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி இமயமலைக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தேவசகாயம். நாகர்கோவில்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். தமிழ்க்குரல் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரை இருந்தது.

மலையில் பனி சரிந்தால் ஆளையே மூடிவிடும், கூட வந்தவர்கள்தான் தேடித் தோண்டி எடுக்க வேண்டும், அதைக் கற்காமல் ஒருத்தனையும் சறுக்க விடமாட்டேன் என்றார். ஒரு பெரிய பையில் துணியை அடைத்துப் பனிக்குள் புதைத்தார். "இதைப் பைன்னு நினைக்கப்பிடாது. உங்களைப்போல ஒரு மனுசன். மனுசனை எப்படிப் பாப்பியளோ அப்படிப் பாக்கணும்" என்றார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஆளுக்கொரு கருவியைக் கழுத்தில் மாட்டிவிட்டார். அது சிக்னல் கொடுத்துக் கூப்பிடவும் செய்யும், கூப்பிடுகிற இன்னொரு கருவியைத் தேடவும் செய்யும். பைக்குள்ளும் ஒன்றை வைத்திருந்தார். அது கூப்பிடும்; மூவரும் தங்கள் கருவியைத் தேடும் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். சங்கிலி திருப்பவில்லை. ஊரில் ஒருத்தர் குரல் கொடுத்தால் பதில் குரல் கொடுக்காமல் இருப்பது மரியாதையில்லை.

"உள்ள இருக்கிறவரு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நாம பேசாம இருந்தா என்ன நினைப்பாரு?" என்றான் சங்கிலி. மற்ற இருவரும் யோசித்து, அதுவும் சரிதான் என்றார்கள்.

கருவியில் அம்புக்குறி காட்டிய பக்கம் வெயிலுகந்தானும் கடற்கரையும் ஓடினார்கள். அது நேராகச் சங்கிலியிடம் கொண்டுபோய் விட்டது. அவன் உயிரோடு, புதையாமல், பீடி பற்றவைத்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் இருவருக்கும் கண்கலங்கியது. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வேலை முடிந்தது என்று உட்கார்ந்தும் விட்டார்கள்.

சுபேதார் சங்கிலியின் கருவியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி தேடவிட்டார். இந்தத் தடவை சரியான இடத்துக்கே போனார்கள். நீளக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். தட்டுப்பட்டது. தோண்டினார்கள். சங்கிலி குழிக்குள் இறங்கிப் பையைத் தூக்கி மேலே கொடுத்தான். சுபேதார் கைதட்டினார்.

கைதட்டல் அடங்குவதற்குள் மற்ற இருவரும் குழியை மூட ஆரம்பித்திருந்தார்கள். கானல்பட்டியில் குழி தோண்டியவன் அதை மூடாமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆடு விழுந்துவிடும். சங்கிலிக்குக் கழுத்துவரை பனி ஏறிவிட்டது. அவன் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

"ஏம்டே, வாயைத் திறந்து சொல்லப்பிடாதா?" என்று சுபேதார் கேட்டார்.

"மூடாம விடறது தப்புல்லா சார்?" என்றது சங்கிலியின் தலை.

அவனைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியையும் மூடினார்கள். பிறகு சுபேதார், மீட்ட ஆளுக்குக் குளிராமல் போர்த்த வேண்டும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், டாக்டர் வரும்வரை தனியாக விடவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். மூவரும் பைக்குக் கம்பளி போர்த்தினார்கள். குரங்குக் குல்லாய் மாட்டினார்கள். கறுப்புக் கண்ணாடியும் போட்டுவிட்டார்கள். கடற்கரை டீயை ஆற்றி நீட்டி, சொந்த ஊர் எது என்று பணிவாக விசாரித்தான். ராத்திரி முழுக்க முறைபோட்டு விழித்திருந்தார்கள்.

மறுநாள் சறுக்கக் கூப்பிட்டபோது வெயிலுகந்தான் வரமாட்டேன் என்றுவிட்டான். மாரிக்கனியை நினைக்காமல் இல்லை. ஆனாலும் டாக்டர் இன்னும் வரவில்லையே. சுபேதார் வானத்தைப் பார்த்தார். பிறகு, காப்பாற்றின ஆளையும் முதுகில் கட்டிக்கொண்டு சறுக்கித் தொலை என்றார்.

மேட்டிலிருந்து கிளம்பியதுமே வெயிலுகந்தான் குப்புற விழுந்தான். கட்டு அவிழ்ந்தது. பை மட்டும் குல்லாயும் கண்ணாடியுமாக, துளி அலட்டல் இல்லாமல், சரிவில் அடிவாரம் வரை வழுக்கிக்கொண்டு போனது. சுபேதார் போட்டோ எடுத்தது அந்த நேரத்தில்தான். டாக்டரிடம் தானே ஒப்படைப்பதாகச் சத்தியம் செய்துகொடுத்து, மூவரையும் ரயிலேற்றிவிட்டார்.

பூலோகப்பாண்டி போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் பனிக்குள்ளிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒருத்தர் ஜம்மென்று சறுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கால்?"

"என்னுது மாமா."

"சறுக்குறது யாரு?"

"நாங்க காப்பாத்தினவரு."

"பழக்கவழக்கம் எப்படி?"

"டீயைக்கூடத் தொடல மாமா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசல."

பூலோகப்பாண்டி மனைவியைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள். எவன் சறுக்குகிறானோ அவனுக்குத்தான் பெண் என்று சொல்லியாகிவிட்டது, சொன்ன சொல் மாறக்கூடாது, சறுக்குகிறவருக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டதா என்று கேட்டுச் சொல் என்றார். வெயிலுகந்தானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நியாயம் நியாயம்தானே. சுபேதாருக்குப் போன் போட்டான்.

"சார், நாங்க காப்பாத்தினவரு எப்படி இருக்காரு?"

"அவனா? இப்பத்தானடே புதைச்சிட்டு வாறேன்" என்றார் சுபேதார். புது ஆட்கள் பயிற்சிக்கு வந்திருப்பதாக அவர் மேலே சொல்லிக்கொண்டு போனதைக் கேட்க ஆள் இல்லை. வெயிலுகந்தான் போனைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருந்தான். வீடே அழுதது.

பூலோகப்பாண்டிதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நமக்குக் கொடுத்துவைக்கல. சரி மாப்ளே, மாரிக்கனி உனக்குத்தான். ஆனா முதல்ல அவரு காரியம் முடியட்டும். மொட்டை போட அவருக்குன்னு உன்ன விட்டா யாரு இருக்கா?"

வெயிலுகந்தான் கல்யாணப் போட்டோவில் மொட்டைத்தலையோடு நிற்பது அதனால்தான். பின்னால் சுவரில் தொங்கும் படத்தில், மாலையும் பொட்டுமாக, கறுப்புக் கண்ணாடி போட்ட பை.