வேப்பிலை மறந்த வாய்

எல்லா உயிருக்கும் பேச்சு வாய்த்திருந்த அந்தக் காலத்தில், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது என்கிற குறை மட்டும் இருந்தது. மானுக்கு மான் பேச்சு, மனிதனுக்கு மனிதப் பேச்சு. எல்லார் பேச்சும் தெரிந்தது கிளி ஒன்றுக்குத்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்தப் பிழைப்புதான் கிளிக்கு.

காட்டுக்கும் கம்பங்கொல்லைக்கும் நடுவில் எல்லையாக ஒரு வேப்பமரம் நின்றது. அதில் குடியிருந்த கிளிக்கு இணக்கி என்று பெயர். மூக்கு அப்போது பனங்குருத்து போல வெளுத்திருக்கும். ஒரு பக்கத்துச் சொல்லை மறுபக்கம் கொண்டுபோவது அதன் வேலை. அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. சொல்லைக் கேட்டதும் ஒரு வேப்பிலையைக் கடித்து மெல்ல வேண்டும். "கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். வாயில் கசப்பு தீர்வதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும். இணக்கியின் தாய் அப்படித்தான் செய்தது, பாட்டியும் அப்படித்தான்.

ஆனால் உள்ளதைச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? கசப்பான சொல்லோடு போன நாளில் மான்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன, மனிதர்கள் கல்லை எடுத்தார்கள். இணக்கிக்கு எல்லாரும் வேண்டும். ஒரு பக்கம் நாவற்பழம், மறுபக்கம் கம்பங்கதிர், இரண்டு பக்கமும் "வா, தாயி" என்கிற வரவேற்பு, இதெல்லாம் வேண்டும். ஒரே விஷயத்துக்குப் பத்துச் சொல் இருப்பதை அது கண்டுகொண்டது. கோபம் என்பதை மனத்தாங்கல் என்று சொல்லலாம். திருடினாய் என்பதைக் கேட்காமல் எடுத்தாய் என்று சொல்லலாம். "மனுசன் பேராசைக்காரன்" என்று மான்கள் சொன்னால், "எவ்வளவு வந்தாலும் சளைக்காத உழைப்பாளின்னு சொல்றாங்க" என்று அதே வாய் மனிதர்களிடம் சொன்னது. அவர்கள் சிரித்து ஒரு கதிரைக் கூடுதலாகப் போட்டார்கள். வேப்பிலை கடிக்கும் பழக்கம் மெல்ல மெல்ல விட்டுப்போனது.

சும்மா சொல்லக்கூடாது, நாலைந்து வருஷம் அதனால் நல்லதுதான் நடந்தது. பிறகு மழை பொய்த்தது.

முதல் வருஷம் காட்டில் புல் கருகியது. மான் கூட்டத்துக்குத் தலைவி ஓலைக்காதி, வயதான பெண்மான். அது மரத்தடிக்கு வந்து ஒளிக்காமல் சொன்னது. "இணக்கி, போய்ச் சொல்லு. எங்களால பசி தாங்க முடியல. கம்பு முத்தினா எல்லை பாக்க மாட்டோம். அவங்க காவல் போட்டுக்கட்டும்."

நேர்மையான சொல்தான். அதை அப்படியே கொண்டுபோக இணக்கிக்கு மனம் வரவில்லை. கொல்லைக்காரர்களுக்குப் பெரியவள் சடைச்சி, புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைக்காரி. அவளிடம் போய், "மான்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். முடிஞ்சவரைக்கும் பொறுத்துக்கிறோம்னு சொல்றாங்க" என்றது.

சடைச்சி நம்பினாள். கொல்லைக்குக் காவல் போடவில்லை. கதிர் முற்றிய வாரத்தில் மான்கள் இறங்கின. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், பாவம், அவை என்ன செய்யும்? விடிந்து பார்த்தால் கொல்லையில் வெறும் தட்டைதான் நின்றது. அந்தக் கோடையில் சடைச்சியின் சின்னப் பிள்ளை கஞ்சியில்லாமல் செத்துப்போனது.

அடுத்த விதைப்பில் கம்பங்கதிர் பாலேறும்போது சடைச்சி மரத்தடிக்கு வந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட இணக்கிக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"கேட்டுக்க தாயி. கொல்லையைச் சுத்தி குழி வெட்டியாச்சு. குழிக்குள்ள மூங்கில் கம்பு சீவி நட்டாச்சு. மேல தழை போட்டு மூடியாச்சு. இந்த மரத்தைத் தாண்டி ஒரு கால் வச்சாலும் ஒண்ணுகூட உசுரோட திரும்பாது. சொல்லாம கொல்றது பாவம், அதான் சொல்லியனுப்புறேன். ஒரு சொல் குறையாம சொல்லு."

இணக்கி வேப்பிலைப் பக்கம் பார்த்தது. சடைச்சி வழக்கம்போல நீட்டிய கதிரையும் பார்த்தது. கதிரைத்தான் கொத்தியது.

காட்டில் ஓலைக்காதி எலும்பும் தோலுமாக நின்றது. அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி, வற்றிப்போன மடியை முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க, இணக்கி? போகலாமா, கூடாதா?"

கூடாது என்று சொன்னால் இந்தக் குட்டி எதைத் தின்னும்? தன்னை எப்படிப் பார்க்கும்? சடைச்சி ஏதோ ஆத்திரத்தில் சொல்லிவிட்டாள், இரண்டு நாளில் ஆறிவிடும், அதற்குள் நாமே போய்ச் சமாதானம் பேசிவிடலாம் என்று இணக்கி கணக்குப் போட்டது.

"மனசு கொஞ்சம் சங்கடப்பட்டிருக்காங்க. பாத்துப் பதமா நடந்துக்கங்கன்னு சொன்னாங்க."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

ஓலைக்காதியின் கண்ணில் நீர் கட்டியது. "நல்ல சனங்க" என்றது.

சமாதானம் பேச இணக்கிக்கு நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் விடியும்போதே மான்கள் புறப்பட்டுவிட்டன. பதமாகத்தான் நடந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, கதிரை மிதிக்காமல். தழை முறிகிற சத்தம் முதலில் ஓரிடத்தில் கேட்டது, பிறகு நாலு புறமும் கேட்டது. மிரண்டு திரும்பியவை அடுத்த குழியில் விழுந்தன. இணக்கி கொல்லைக்கு மேலே பறந்து "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தியது. அந்த அலறலில் யார் காதிலும் அது விழவில்லை.

ஓலைக்காதி கிடந்த குழியில் இணக்கி இறங்கியது. கழுத்தில் ஏறியிருந்த கம்பை மூக்கால் கவ்வி இழுத்தது. கம்பு அசையவில்லை. ரத்தத்தில் மூக்கு முழுக்க நனைந்தது. குட்டி பக்கத்திலேயே அசைவில்லாமல் கிடந்தது.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று ஓலைக்காதி முனகியது. "உள்ளபடி சொல்லு."

இணக்கி சொன்னது. வெட்டிய குழி, சீவிய கம்பு, மூடிய தழை, உயிரோடு திரும்பாது என்ற சொல், எதையும் விடாமல் சொன்னது.

"இதையே நேத்துச் சொல்லியிருந்தா, பட்டினியாவது கிடந்திருப்போமே..." என்றது ஓலைக்காதி. அதற்கு மேல் பேச அதற்கு உயிர் இல்லை.

சடைச்சி ஓடி வந்தாள். குழிக்குள் எட்டிப் பார்த்தவள் குட்டியைக் கண்டதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தன் சின்னப் பிள்ளை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சொல்லச் சொன்னேனே! சொன்னியா இல்லையா?"

இணக்கி பறந்துபோய் வேப்பமரத்தில் உட்கார்ந்தது. 'சொன்னேன், அவங்கதான் கேக்கல' என்று ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. எவ்வளவு சுலபமான சொல்! இணக்கி ஒரு கொத்து வேப்பிலையைப் பிடுங்கி வாய் நிறைய மென்றது. நாக்கு தடித்துப்போகும்வரை மென்றது. பிறகு, சடைச்சியின் குரலிலேயே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னது:

"சொன்னியா இல்லையா?"

"என்னடி, கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அதற்குமேல் இணக்கி தன் சொல் என்று ஒன்றும் பேசவில்லை. மூக்கை எத்தனை ஓடையில் அலசியும் சிவப்பு போகவில்லை.

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று நாம் கேலி பேசுகிறோம், அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிறது என்கிறோம். அதற்கு எல்லா அர்த்தமும் தெரியும். தெரிந்தே வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறது. காட்டில் ஒரு மான் பசியில் கத்தினால், எடுத்துச் சொல்ல ஆளில்லாமல், நம் காதில் வெறும் சத்தமாக மட்டும் விழுவதும் அந்த விடியற்காலையிலிருந்துதான்.