நான்கு விரல் உயரம்

ராசிபுரத்தில் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குவது அதன் வேலை. உடையவரும் ஓட்டுபவரும் பொன்னுரங்கம் ஒருவரே.

வண்டியின் முன்பக்கத்தைத் தாங்கியவை இரண்டு இரும்புக் கம்பிகள். வலச் சக்கரத்துக்கு ஒன்று, இடச் சக்கரத்துக்கு ஒன்று. பட்டறையில் டார்ஷன் கம்பி என்பார்கள். சக்கரம் மேட்டில் ஏறும்போது கம்பி தன் உடம்பை முறுக்கிக்கொள்ளும், இறங்கும்போது விட்டுக்கொடுக்கும். குலுக்கலெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். மேலே அட்டையில் அடுக்கிய முட்டைகளுக்கு விஷயமே தெரியாது. ஐந்து வருடமாக யாரும் அந்தக் கம்பிகளைக் குனிந்துகூடப் பார்த்ததில்லை. அதில் அவற்றுக்கு வருத்தமும் இல்லை.

பக்கத்து ஸ்டாண்டில் ஒரு புது வண்டி வந்து நின்றதிலிருந்து பிடித்தது சனி. அதன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழையும். பொன்னுரங்கத்தின் வண்டியில் மூன்றுதான். ஒரு விரல் குறைந்ததை அவரால் தாங்க முடியவில்லை. வண்டிக்கு ஒரு எடுப்பு வேண்டும் என்று லேத்தில் சொல்லி, கனத்த இரும்புக் குழாயில் ஒரு பம்பர் கார்டு செய்து முன்னால் மாட்டினார். எடுப்பு வந்தது. மூன்று விரல் இரண்டாகக் குறைந்தது.

"நான் வந்த பிறகுதான் இந்த வண்டிக்கே ஒரு மரியாதை" என்றது கார்டு.

"மரியாதை வந்துச்சு, உயரம் போச்சு. உன் எடை என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டது வலக் கம்பி.

பளபளப்பாக இருப்பவர்களிடம் எடையைப் பற்றிப் பேசக்கூடாது. கார்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பொன்னுரங்கம் வண்டியைச் சிக்கந்தர் பாய் பட்டறைக்கு ஓட்டிப் போனார். கம்பியின் பின்முனையில் ஒரு போல்ட் உண்டு. அதை இறுக்கினால் கம்பி முறுகும், வண்டியின் முகம் உயரும். பாய் ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் மூன்று சுற்று இறுக்கினார். இறக்கிய கையோடு விரல் வைத்து அளந்தார். நான்கு விரல். பொன்னுரங்கத்தின் முகமும் நான்கு விரல் உயர்ந்தது.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஜாக்கியிலிருந்து இறங்கிய வண்டி உடனே உட்காராது. டயர்கள் உள்ளொடுங்கித் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு அளந்தால்தான் அதன் உண்மையான உயரம் தெரியும். பாய் உருட்டவில்லை. அவருக்குப் பசி நேரம்.

பொன்னுரங்கம் பட்டறை வாசலிலேயே சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினார். பழம் நசுங்கியது, வண்டி உருண்டது, உட்கார்ந்தது. இறங்கி அளந்தால் இரண்டரை விரல்.

அவர் மறுபடியும் விரல் வைத்துப் பார்த்தார். பழம் நசுங்கும் முன் நான்கு, நசுங்கிய பின் இரண்டரை. "கண்ணு பட்டுருச்சு பாய்" என்றார். எலுமிச்சையையே தோற்கடித்த கண் என்றால் சாதாரணக் கண்ணா? மறுநாளே நாக்கைத் தொங்கப்போட்ட இரும்பு பூத முகம் ஒன்றை வாங்கிக் கார்டின் நடுவில் கட்டினார். அதன் எடைக்கு அரை விரல் மேலும் இறங்கியது. பட்டறைக்குப் போனார்கள், இறுக்கினார்கள், அளந்தார்கள், பழம் நசுங்கியது, உயரம் குறைந்தது. அடுத்து முகத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கொம்பு வந்தது, மூன்றாம் முறையும் இறுக்கினார்கள்.

வலக் கம்பிக்கு இப்போது மூச்சு விடவும் இடமில்லை. அது போல்ட்டிடம் கெஞ்சியது.

"நீயாவது கொஞ்சம் விட்டுக்கொடேன்."

"என்னைத் திருகுறாங்க, நான் உன்னைத் திருகுறேன். எனக்கு உன் மேல என்ன கோபம்?" என்றது போல்ட். "ஆனா ஒண்ணு சொல்றேன். இன்னொரு தடவை இறுக்கினா நீ தாங்க மாட்டே."

அதற்குள் முட்டைகள் உடையத் தொடங்கியிருந்தன. அளவுக்கு மேல் முறுக்கிய கம்பியால், சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் டங்கென்று இடித்தது. பண்ணைக்காரி கோசலையம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அவர் கோழி வளர்ப்பவர், வண்டி தெரியாது. ஆனால் கனம் என்றால் என்னவென்று தெரியும்.

"ஏப்பா பொன்னுரங்கா, முன்னாடி இத்தனை இரும்பைக் கட்டிக்கிட்டு வண்டி எப்படி நிமிரும்? அதைக் கழட்டிப் போடு, தானா எந்திரிக்கும்."

கம்பிக்கு உயிர் வந்தது. ஐந்து வருடத்தில் அதன் சார்பாக ஒருவர் பேசியது இதுவே முதல் தடவை. அது பொன்னுரங்கத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதைக் கழட்டினா வண்டி மொட்டையாத் தெரியுமுங்க" என்றார் பொன்னுரங்கம்.

அன்று மத்தியானமே நான்காம் முறையாக இறுக்கினார்கள். இந்த முறை உருண்ட பிறகும் நான்கு விரல் நின்றது. பொன்னுரங்கம் வேண்டுமென்றே புது வண்டியின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, பண்ணைக்கு லோடு ஏற்றப் போனார். பண்ணை வாசலில் ஒரு சின்ன வேகத்தடை. வலக் கம்பி தன்னால் முடிந்த மட்டும் பிடித்துப் பார்த்தது. பிறகு பட்டென்று இரண்டாக ஒடிந்தது.

வண்டி வலப்பக்கமாக மண்டியிட்டு வாசல் தூணில் சாய்ந்தது. கார்டு தூணில் உரசி நின்றது. ஒரு கீறல்தான்.

கூட்டம் கூடியது. முன்னால் கார்டு மட்டும் இல்லாவிட்டால் இன்ஜினே போயிருக்கும் என்றார் ஒருவர். தலைக்கு வந்தது பூத முகத்தோடு போனது என்றார் இன்னொருவர். பொன்னுரங்கம் கண் கலங்கிக் கார்டைத் தடவிக் கொடுத்தார். கோசலையம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"நான் எப்படி நிக்கிறேன் பாத்தியா? உனக்கு உடம்புல பலமே இல்லை" என்றது கார்டு.

சிக்கந்தர் பாய் வந்து, "கம்பி மட்டமான சரக்குண்ணே" என்று சொல்லி அதைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். புதுக் கம்பி மாட்டி நான்கு விரலுக்கு இறுக்கினார்.

உயிரைக் காப்பாற்றிய கார்டுக்குப் பொன்னுரங்கம் சந்தனம் தடவி, கட்டியான சாமந்தி மாலை ஒன்றைப் போட்டார்.

மாலை கால் கிலோ இருக்கும். புதுக் கம்பி அதையும் சேர்த்துத் தாங்கியது.