பாதியில் நின்ற மணல் பூ

ஒரு காட்டில், கடல் தண்ணீர் வந்து வந்து போகும் ஓரத்தில், சின்ன நண்டு ஒன்று வளை தோண்டி வாழ்ந்து வந்தது. அந்த நண்டுக்கு ஒரு பழக்கம், குழந்தைகளே! தண்ணீர் வற்றியதும் ஈர மணலைக் கடுகு கடுகாக உருட்டி, வளையைச் சுற்றிப் பெரிய பூ ஒன்று போட்டுவிடும். தண்ணீர் திரும்பி வந்து அதை அழித்துவிடும். மறுபடி வற்றினால் மறுபடி ஒரு பூ. போட்ட பூவையே திரும்பப் போடாது.

கைவேலையில் அத்தனை கெட்டி. ஆனால் மகா பயந்தாங்கொள்ளி. கொக்கு வந்தால் ஒளிவது சரிதான். இலை உதிர்ந்தாலும் உள்ளே, ஈ பறந்தாலும் உள்ளே! ஒருமுறை தன் நிழலைப் பார்த்தே ஓடி ஒளிந்தது. உள்ளே போனால், தண்ணீர் ஏறி இறங்கும்வரை தலை காட்டாது.

ஒரு நாள், பாதிப் பூ போட்டுக்கொண்டிருந்தபோதே அதன் மனம் சோர்ந்துவிட்டது.

"இத்தனை காலம் போட்டேனே, நன்றாக இருக்கிறது என்று ஒருவராவது சொன்னார்களா? நன்றாக இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்காத பூ என்ன பூ? வெறும் மணல்! இனிமேல் போடவே மாட்டேன்."

கையிலிருந்த உருண்டையை அப்படியே போட்டுவிட்டு, வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பாவம், அழுகை அழுகையாக வந்தது.

வெயில் சாயும் நேரம், வாசலில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"நண்டு அண்ணா, உடம்புக்கு என்ன? பூ பாதியில் நிற்கிறதே?"

"யா... யார் அது?"

"நான்தான், நத்தை. தண்ணீரோரத்தில் நிற்கும் கண்டல் மரத்தடியில் இருக்கிறேன். தினமும் உங்கள் பூவைப் பார்க்க வருவேனே!"

"பொய்! ஒருநாளும் நான் உன்னைப் பார்த்ததில்லை."

நத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்படிப் பார்ப்பீர்கள்? என் கொம்பு தெரிந்ததுமே ஓடிவிடுகிறீர்கள். வாசலுக்கு வந்து கூப்பிடலாம் என்றால், சுற்றிலும் பூ. மிதிக்க மனம் வருமா? அதனால் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இன்றைக்குத்தான் பாதி திறந்திருக்கிறது."

நண்டு பயந்து பயந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டியது. பிறகு மற்றக் கண்ணையும் நீட்டியது. மணலில் பளபளவென்று ஓர் ஈரத் தடம் கிடந்தது. ஒவ்வோர் இதழுக்கும் வளைந்து வளைந்து வந்திருந்தது. ஓர் உருண்டைகூட நசுங்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் தடம் திட்டாகத் தேங்கியிருந்தது.

"இங்கே ஏன் இவ்வளவு நேரம் நின்றாய்?"

"அங்கே உருண்டைகள் சிறுத்துக்கொண்டே போகின்றனவே, அண்ணா! பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்."

நண்டு படாத பாடு பட்டுப் போட்ட இடம் அதுதான். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"மீதி எப்போது, அண்ணா?" என்றது நத்தை.

அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மறுபடி வற்றியதும் நண்டு ஒரு முழுப் பூ போட்டது. முன்னைவிடப் பெரியது. ஆனால் ஒரு பக்கத்தில், நத்தை தன் ஓட்டோடு நுழையும் அகலத்துக்கு, வாசல்வரை ஒரு வழி விட்டிருந்தது.

தூரத்தில் இரண்டு கொம்புகள் தெரிந்தன. நண்டின் கால்கள் உள்ளே ஓடப் பார்த்தன. நண்டு ஓடவில்லை. வாசலிலேயே நின்று, "வா, தங்கச்சி!" என்றது.

நீதி: வருகிறவருக்கு வழி விடாமல், பார்க்க யாரும் இல்லையே என்று வருந்தக் கூடாது.