வெண்ணியின் நொண்டிப்பட்டி

கேளுங்கள், சிறியவர்களே, பெரியவர்களே. கடலோரத்தில் விளைந்த உப்பு வண்டியேறி மலைநாட்டுக்குப் போய், தினையாகவும் தேனாகவும் மிளகாகவும் திரும்பி வந்த காலம் அது. அப்போது சமவெளி முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் ஒரு கணவாய் இருந்தது. கணவாயின் அடியில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் ஒரு குடிசை. அந்தக் குடிசையில் வெண்ணி என்று ஒருத்தி இருந்தாள்.

வெண்ணி அந்த ஊர்க்காரி அல்ல. அவள் வழியில் பிறந்தவள். உப்பு விற்கும் உமணர்களுக்கு நிலையான ஊர் ஏது? அவளைப் பெற்றவள் உப்பு மூட்டைகளுக்கு நடுவே தூளி கட்டித்தான் அவளை வளர்த்தாள். பெரியவளாகிக் கொற்றன் என்ற உமணனைக் கைப்பிடித்தபோது, ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏறினாள். அவ்வளவுதான் அவளுக்கு நேர்ந்த மாற்றம்.

அந்த நாட்களை நினைத்தால் வெண்ணிக்கு நெஞ்சு நிறைந்துவிடும். விடியலில் மாடுகளின் கழுத்துமணி ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். நாய்கள் வெயிலுக்குப் பயந்து வண்டிகளின் அடியில், நிழலோடு நிழலாக நடந்து வரும். இறக்கத்தில் வண்டி தானாக உருளும்போது கொற்றன் பாட ஆரம்பிப்பான். அவனுக்குக் குரல் வராது, ஆனாலும் பாடுவான். ஏதாவது ஒரு சுனையருகே மூன்று கல்லைக் கூட்டி அவள் உலை வைப்பாள். நேற்று உலை வைத்த இடம் வேறு, இன்று வைத்த இடம் வேறு. சோறு மட்டும் ஒரே சோறு.

ஆனால் அந்த வழியில் ஒரு கொடுமையும் இருந்தது. கால் ஒடிந்த மாட்டை, கண் போன கழுதையை, மூப்படைந்த நாயை உமணர்கள் அவிழ்த்துப் பாதையோரம் விட்டுவிட்டுப் போவார்கள். கூட்டம் நிற்காது. நின்றால் மழை பிடித்துக்கொள்ளும், உப்பு கரைந்துபோகும். அப்படி ஒவ்வொரு முறையும் வெண்ணி வண்டியின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"திரும்பிப் பார்க்காதே, வெண்ணி. நீ பார்த்தால் அதுவும் எழுந்து பின்னாலேயே வரப் பார்க்கும்" என்பான் கொற்றன். அவன் கல்நெஞ்சன் அல்ல. அவனும் அப்படித்தான் பழக்கப்பட்டிருந்தான்.

ஒரு மழைக்கால முடிவில், அந்தக் கணவாயின் அடியில்தான், கொற்றன் காய்ச்சல் கண்டு இறந்தான். அவனை ஓடைக்கரையில் அடக்கம் செய்துவிட்டு உமணர்கள் மாடு பூட்டினார்கள். வெண்ணி வண்டியில் ஏறவில்லை. "நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்" என்றாள். எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு போய்விட்டார்கள். மணிச்சத்தம் மலைக்குமேல் ஏறி, தேய்ந்து, ஒரு கட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆனது.

சில நாள் கழித்து விறகு பொறுக்க மேலே போனவள் ஒரு கழுதையைக் கண்டாள். முதுகெல்லாம் புண். புண்ணின்மேல் காக்கைகள். முந்தானையை வீசிக் காக்கைகளை விரட்டினாள். கழுதை அவளை உதைக்கப் பார்த்தது, அதற்கும் தெம்பில்லை. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். அதை நடத்தி வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் பொழுது போய்விட்டது.

கழுதைக்குப் பின் ஒரு நாய் வந்தது. நாய்க்குப் பின் ஒரு கிழட்டு எருது வந்தது. பிறகு யார் யாரோ வந்தார்கள். வெண்ணி முள்வேலி கட்டினாள், கொட்டகை போட்டாள். அடிவாரத்து ஊர்க்காரர்கள் அதற்கு நொண்டிப்பட்டி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிலர் கல்லெறிந்தும் பார்த்தார்கள். எறிந்தவனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கல் பட்ட இடத்துக்கு அவனையே மருந்து போட வைப்பாள் வெண்ணி. போட்டவன் மறுபடி எறிந்ததில்லை.

உடம்பு தேறிய விலங்குகளைக் கேட்டு மெல்ல மெல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெண்ணி விலை கேட்க மாட்டாள். "காலையில் வந்து சாயங்காலம் வரை அதோடு இருங்கள். சாணம் அள்ளுங்கள், புண்ணைக் கழுவுங்கள், கூட உட்காருங்கள். அப்புறமும் வேண்டுமென்றால் கூட்டிப் போங்கள்" என்பாள். உச்சிவெயிலிலேயே ஓடிப்போனவர்கள் உண்டு. சாயங்காலம் வரை இருந்த குயவனுக்குக் கழுதை போயிற்று. பிள்ளையில்லாத இடையர் தம்பதிக்கு மூன்றுகால் நாய் போயிற்று. காது கேளாத தேனெடுப்பவனுக்கு, குரைக்கவே தெரியாத ஒரு குட்டி போயிற்று. அந்த இரண்டும் ஒன்றை ஒன்று கண்ணாலேயே கூப்பிட்டுக்கொள்ளும்.

ஒரே ஒரு விலங்கை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அதன் பெயர் செவலை. செம்மண் நிறத்தில் ஓர் எருது. கணவாயின் செங்குத்தான வளைவில், வேங்கை மரத்தடியில், முன்னங்கால் ஒடிந்து, காக்கைகள் கொத்தக் கிடந்ததை ஊர்க்காரர்கள் உதவியோடு, பிணைத்த கட்டைகளில் ஏற்றி இழுத்து வந்திருந்தாள். மூங்கில் பத்தை வைத்துக் காலைக் கட்டி, வயிற்றுக்கடியில் மணலைக் குவித்து, பாரம் காலில் இறங்காமல் தாங்க வைத்தாள். கால் கூடியது. சற்றே வளைந்து கூடியது.

செவலையை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் வெண்ணிக்குச் சொல்லத் தெரியாது. மலையில் மணிச்சத்தம் கேட்டால் அது மேய்வதை விட்டுத் தலையைத் தூக்கும். அவளும் தூக்குவாள். சத்தம் தேயும்வரை இருவரும் அப்படியே நிற்பார்கள். பிறகு அது மேயும். அவள் வேலையைப் பார்ப்பாள்.

இப்படி இருக்கையில், கடற்கரையிலிருந்து சேந்தன் என்ற உமணர் தலைவன் வந்தான். அந்த ஆண்டு மாடுகளுக்கு நோய் கண்டு, அவனுடைய எருதுகளில் பல செத்திருந்தன. ஓடையில் தண்ணீர் காட்ட இறங்கியவன் வேலிக்குள் பார்த்தான். தொடையில் அவனுடைய சூட்டுக்குறியோடு, கொழுகொழுவென்று ஓர் எருது நின்றது.

"இது என் மாடு" என்றான்.

"நீங்கள் விட்டுவிட்டுப் போன மாடு, அண்ணே" என்றாள் வெண்ணி.

"விட்டாலும் குறி என்னுடையது. உமணப் பெண்ணுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?"

"கால் கூடியிருக்கிறது, ஆறவில்லை. வண்டியில் பூட்டினால் மலையேறாது."

சேந்தன் கேட்கவில்லை. வழக்கு அந்த மலைநாட்டை ஆண்ட வேளிடம் போயிற்று. வேள் இருவர் பேச்சையும் கேட்டான். குறியையும் பார்த்தான், காலையும் பார்த்தான். பிறகு, "எருதை நடுக்களத்தில் விடுங்கள். ஒரு கோடியில் அவன் நிற்கட்டும், மறுகோடியில் இவள் நிற்கட்டும். அது யாரிடம் போகிறதோ அவர்களுக்கே அது சொந்தம்" என்றான்.

ஊரே கூடியிருந்தது. செவலை யாரிடம் போகும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. குயவன் வெண்ணியைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினான்.

எருதை விட்டார்கள். அது வெண்ணியைப் பார்த்தது. ஓர் அடி அவள் பக்கம் வைத்தது. அப்போது சேந்தன் நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்பினான், கன்றுகளைக் கூப்பிடும் சத்தம். செவலையின் காது திரும்பியது. பிறகு உடம்பு திரும்பியது. நொண்டி நொண்டிக் களம் முழுக்க நடந்து போய், சேந்தனின் உள்ளங்கையில் முகத்தை வைத்து நக்கியது.

குயவன் தலையைக் குனிந்துகொண்டான். வேளுக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் சொன்ன சொல்லை மாற்ற முடியாது. "உன் மாடு. கொண்டு போ" என்றான்.

வெண்ணி அழவில்லை, வாதாடவில்லை. சேந்தனிடம் போய் மருந்துச் சிமிழைக் கொடுத்தாள். "ஏற்றத்தில் மட்டும் அடிக்காதீர்கள், அண்ணே. அடித்தால் பயந்து வளைந்த காலை ஊன்றும்" என்றாள். சேந்தன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை வண்டிகள் கணவாயில் ஏறின. அவை போன சிறிது நேரத்தில் வெண்ணி ஒரு குடம் தண்ணீரும் ஒரு கயிறும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். "எங்கே போகிறாய்?" என்று இடையன் மனைவி கேட்டாள். "மாட்டைக் கூட்டிவர" என்றாள் வெண்ணி. நடந்து முடிந்த காரியத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

மேலே போகப் போகப் பழைய நாட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டன. இதே பாதை. இதே சக்கரத் தடம். இந்தப் பாறையில்தான் ஒருநாள் கொற்றன் அவளுக்காக நெல்லிக்காய் பறித்து வைத்திருந்தான். முன்னால் மணிச்சத்தம் போய்க்கொண்டிருந்தது. தாய்வீட்டுக்குப் போகிறவளைப் போல அவள் கால் தானாக விரைந்தது. ஆனால் அந்த மணிகளுக்குள் ஒன்று தடுமாறித் தடுமாறி ஒலிப்பதையும் அவள் கேட்டாள்.

செங்குத்தான வளைவில் வண்டிகள் நின்றிருந்தன. செவலையின் கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. சற்று இளைப்பாறட்டும் என்று நுகத்திலிருந்து அதை அவிழ்த்தார்கள்.

அவிழ்த்ததும் செவலை பாதையைவிட்டு விலகியது. யாரும் அதை ஓட்டவில்லை, யாரும் இழுக்கவில்லை, யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. தானாக நடந்து போய், ஓரத்தில் இருந்த வேங்கை மரத்தடியில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. படுத்து, சேந்தனைப் பார்த்தது. அவன் போவதற்காகக் காத்திருந்தது. கால் வலித்தால் இந்த இடத்தில் படுத்துவிட வேண்டும், தலைவன் போய்விடுவான் என்று அது கற்றுக்கொண்டிருந்தது.

சேந்தன் கையில் மாடோட்டும் தார்க்குச்சியோடு நின்றான்.

"இருட்டுவதற்குள் உச்சியைத் தாண்ட வேண்டும், தலைவரே" என்றான் வண்டிக்காரன் ஒருவன்.

சேந்தன் தார்க்குச்சியைக் கீழே போட்டுவிட்டு எருதின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அப்போதுதான் கீழே, வளைவில், குடத்தோடு நின்ற வெண்ணியைக் கண்டான்.

"நீ எதற்கு வந்தாய், தங்கச்சி?"

"விட்டுவிட்டுப் போவீர்கள் என்று வந்தேன், அண்ணே. போன முறை நான் வந்து சேர நேரமாகிவிட்டது. காக்கைகள் முந்திக்கொண்டன."

அவள் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவன் பதில் பேசியிருப்பான். குடத்துத் தண்ணீரை அவள் எருதின் வாயருகே சாய்த்தாள்.

அது குடிப்பதைப் பார்த்தபடி சேந்தன் சொன்னான். "இதன் தாய் ஈன்றதும் செத்துவிட்டது. கஞ்சியில் விரலை நனைத்து நனைத்துக் கொடுத்துத்தான் வளர்த்தேன். நான் எங்கே படுத்தாலும் அங்கே வந்து படுக்கும். என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். நேற்று அது என்னிடம் வந்தபோது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயித்தது நானில்லை. இதற்கு உரியவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, தங்கச்சி. நீயே வைத்துக்கொள்."

வெண்ணி எருதின் நெற்றியைத் தடவினாள். "உங்களிடம் வந்ததைப் பார்த்து எனக்கு வருத்தம்தான். ஆனால் அது ஏமாந்து வரவில்லை, பாசத்தில் வந்தது. அதை நீங்கள் தூக்கி என்னிடம் கொடுத்தால், இன்னொரு முறை விட்டுவிட்டுப் போவதுதான் அது. உரியவர் இல்லையென்றால் உரியவர் ஆகிக்கொள்ளுங்கள். அதற்கு வயது இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது."

சேந்தன் வண்டிகளைத் தம்பியிடம் ஒப்படைத்து அனுப்பினான். செவலையை எழுப்ப ஒரு பக்கம் அவன் தோள் கொடுத்தான், மறுபக்கம் வெண்ணி தோள் கொடுத்தாள். மூவரும் மெதுவாக மலை இறங்கினார்கள்.

அந்தப் பருவம் முழுக்கச் சேந்தன் பட்டியில் தங்கினான். சாணம் அள்ளினான், புண் கழுவினான், புது வேலி கட்டினான். கூட்டத்தோடு மறுபடி வழிக்குப் போனபோதும் செவலையின் கழுத்தில் நுகம் ஏற்றவில்லை. வண்டிக்கு முன்னால் வெறுமனே நடக்கவிட்டான், சமவெளியில் மட்டும். மலை வந்தால் அது பட்டியில் தங்கும். அவன் இறங்கி வரும்வரை காத்திருக்கும். அவன் தவறாமல் வந்தான். கடைசியில் அது முதுமை கண்டு இறந்தபோதும் தலை அவன் மடியில்தான் இருந்தது.

சேந்தன் செய்ததை மற்ற உமணர்களும் பார்த்தார்கள். பிறகு யாரும் வளைவில் விலங்குகளை விடவில்லை. அடிவாரத்திலேயே நின்று, முடியாதவற்றைப் பட்டியில் ஒப்படைத்தார்கள். திரும்பும்போது வந்து பார்த்தார்கள். மாடு நக்க உப்பு வந்தது, வைக்கோல் வந்தது, கூடவே கருவாடும் வந்தது. வேளும் தன் நாட்டு எல்லைக்குள் வாயில்லா உயிரைப் பாதையில் கைவிடக் கூடாது என்று பறையறைவித்தான்.

வெண்ணி அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஏறவில்லை. ஆனால் சாயங்காலங்களில் அவள் குடிசையைச் சுற்றி வண்டிகள் அவிழ்ந்து கிடக்கும். பெண்கள் கல் கூட்டி உலை வைப்பார்கள். எவனாவது ஒருவன், குரல் வராதவன், பாடத் தொடங்குவான். வெண்ணி கையில் தட்டோடு அவர்கள் நடுவில் உட்கார்ந்து, ஒரு வாய் உண்பதும், கேட்பதும், கண்ணைத் துடைப்பதுமாக இருப்பாள். நாய்கள் வண்டிக்கடியில் தூங்கும்.

ஆகவே, கேட்டவர்களே, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் உயிரின் உழைப்பு தீர்ந்த பிறகும் அதைக் கைவிடாமல் காக்கிறவரே, அதைத் தம்முடையது என்று சொல்லத் தக்கவர்.