ரேஞ்சர் நாற்காலிக்குக் கீழே ஒரு காடு

உண்ணிச்செடி புகுந்த காட்டில் மானுக்குப் புல் மிஞ்சாது. அந்தச் செடி எங்கெங்கே மண்டியிருக்கிறது என்று குறித்து வரச் சொல்லி, ரேஞ்சர் கிருபாகரனிடம் ஒரு கைக்கருவியைக் கொடுத்திருந்தார்கள். செடிக்குப் பக்கத்தில் போய்ப் பொத்தானை அமுக்கினால், நாம் நிற்கிற இடம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக விழும். ஆனால் முள்ளுக்குள் யார் நடப்பது? ஐயா விருந்தினர் மாளிகையின் சாய்வு நாற்காலியில் கால் நீட்டியபடியே வேண்டிய மட்டும் அமுக்கித் தள்ளிவிட்டார்.

களை பிடுங்கும் ஆட்களுக்குத் தலைவி ரங்கி. அவளிடம் கருவியை நீட்டினார்.

“நாளைக்கு மேலதிகாரி வர்றார். புள்ளி இருக்கிற இடத்துல ஒரு செடி நிக்கக் கூடாது. நின்னா உங்க யாருக்கும் இங்க வேலை இல்ல.”

“செடி இருக்கிற இடம் எங்களுக்கே தெரியுமுங்க...”

“உன் கண்ணை யார் கேட்டா? கருவி காட்டுற இடத்துல மட்டும் தோண்டு!”

“சரிங்கய்யா” என்றாள். கெட்டிக்காரி, அதற்கு மேல் ஏன் பேசப் போகிறாள்?

மறுநாள் மேலதிகாரி ஜீப்பை விட்டு இறங்கினால், மாளிகை வராந்தாவில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒரு பட்டாளமே நிற்கிறது. நடுவில், நாற்காலியில் ரேஞ்சர் விழித்துக்கொண்டிருக்கிறார்.

“காட்டுல இருக்க வேண்டியவங்க இங்க என்னம்மா பண்றீங்க?”

ரங்கி கருவியைப் பணிவாக நீட்டினாள்.

“காட்டு உண்ணிச்செடி மொத்தமும் இந்த நாற்காலிக்குக் கீழதான் இருக்குன்னு ஐயாவே குறிச்சிருக்காருங்க. அவரு கொஞ்சம் எந்திரிச்சா, வேரோட பிடுங்கிடுவோமுங்க.”