அடுத்த பிள்ளைக்கு ஒரு கல்

அந்த ஊரில் கல் வெட்டித் தீர்ந்துபோன ஒரு குவாரி உண்டு. வெட்டினவன் போய்விட்டான், பள்ளம் நின்றுவிட்டது. மழைத் தண்ணீர் தேங்கி, பச்சைப் பசேலென்று, பார்க்க அத்தனை அழகு. பாழாய்ப்போன அழகு. மூன்று பிள்ளைகளை முழுங்கியிருந்தது.

செத்த பிள்ளைக்கு ஊரார் பள்ளத்து விளிம்பில் ஒரு கல் நடுவார்கள். ஆடி மாதம் அந்தப் பிள்ளையின் அளவுக்குப் புதுச்சட்டை தைத்து, கல்லுக்குச் சாத்தி, பொரிகடலை படைப்பார்கள். அதற்கு வரி போட்டால் ஒரு வீடு பாக்கி நிற்காது.

ஊர் மடத்துச் சாமிக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. அவருடைய சீடர் சபாபதிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, மடத்துக்கு வந்தவர். வந்த இடத்திலும் சும்மா இருப்பாரா? பள்ளத்தைச் சுற்றிக் கம்பிவேலி, பூட்டோடு ஒரு கதவு, கோடை விடுமுறைக்கு ஒரு காவலாள், பிள்ளைகளுக்கு நீச்சல் என்று திட்டம் போட்டு, ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னார்.

ஊர்த்தலைவரான அம்பலகாரர் நல்லணன் சிரித்துவிட்டார். "நடக்காத சாவுக்கு எவனாவது வரி கட்டுவானா, ஓவர்சியரே?"

சபாபதி விறுவிறுவென்று நடந்தார். மடத்துக்கு வந்து சாமியிடம் கொட்டினார்.

"செத்த பிள்ளைக்கு அள்ளிக் கொடுக்கிறாங்க சாமி. உயிரோட இருக்கிற பிள்ளைக்குக் கையை விரிக்கிறாங்க. நான் என்ன செய்ய?"

"பழக்கமில்லாததைக் கேட்டால் எப்படிக் கொடுப்பாங்க? பழகினதையே கேட்போம்," என்றார் சாமி.

மறுநாள் உச்சிவெயிலில் பார்த்தால், மூன்று கல்லுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று நிற்கிறது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்தது. பெயர் மட்டும் வெட்டவில்லை.

ஊர் கூடிவிட்டது, சாமி கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். "யாருக்குச் சாமி இது?"

"அடுத்த பிள்ளைக்கு."

அவள் இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சாமி தையற்கடையில் டேப்பை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் வீட்டுக் கதவு முகத்தில் அறைந்தாற்போல் சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டில் பிள்ளைகளை உள்ளே இழுத்துத் தாழ் போட்டார்கள். விளையாடிக்கொண்டிருந்த தெரு ஒரு நொடியில் வெறிச்சோடியது. சபாபதி பின்னாலேயே ஓடி வந்தார்.

"வேண்டாம் சாமி, போயிடலாம். அடிக்க வருவாங்க."

சாமி அம்பலகாரர் வீட்டு வாசலில் போய் நின்றார். பேத்தி யாழினி துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"எனக்கா சாமி புதுச்சட்டை?" என்று இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

சாமி குனிந்து, அவள் தோளில் டேப்பை வைத்தார்.

"அட பாவி!" நல்லணன் பாய்ந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். "என்னய்யா, என் வீட்டுக்குச் சாபம் விடவா வந்தீரு?"

"சாபம் இல்லை அம்பலகாரரே, வழக்கம். போன தடவை அவசரத்தில் தைத்தோம். சட்டைக்கை பத்தாமல் போச்சு. பெத்தவள் அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். இந்தத் தடவை முன்னாலேயே அளவெடுத்து வைக்கலாம்னு."

"அதுக்கு என் வீட்டுப் பிள்ளைதான் கிடைச்சுதா?"

"வேறு யார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுங்க. அங்கே போறேன்."

நல்லணன் தெருவைப் பார்த்தார். சாத்திய கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாய் திறந்தது, பேர் வரவில்லை. பேத்தி அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேலிக்கு என்னய்யா ஆகும், ஓவர்சியரே?" என்றார்.

ஆவணிக்குள் வேலி எழும்பியது. நாலாவது கல்லைச் சாமியே பிடுங்கி, கதவுத்தூணுக்கு முட்டுக் கொடுத்தார். கோடை வந்தது, போனது. பள்ளத்தில் யாரும் விழவில்லை.

மறு ஆடியில் காவலாளுக்கு வரி கேட்டுப் போன சபாபதி, தொங்கின முகத்தோடு மடத்துக்குத் திரும்பி வந்தார்.

"ஒருத்தரும் விழலையே, அப்புறம் எதுக்கு வேலியும் காவலும்னு கேட்கிறாங்க சாமி. எந்தப் பிள்ளையைக் காப்பாத்தினீங்க, காட்டுங்கன்னு மடக்குறாங்க. நான் எதைக் காட்டுவேன்?"

அந்நேரம் பள்ளிக்கூடம் விட்டது. மடத்து வாசல் வழியே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். புழுதி பறந்தது.

சாமி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதோ போகுதே, அதில் ஒண்ணு."

சபாபதி வாசலுக்கு வந்தார். எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"எது சாமி?"

"அது தெரியாமல் இருக்கத்தானே ஓவர்சியரே, வரி வாங்கினோம்."