நூறு முழம் எங்கிருந்து வந்தது?

குமுத நாட்டில் அந்தக் காலத்தில் பூவுக்கும் வரி உண்டு. வரியைப் பூவாகவே கட்டலாம். வியாபாரி விற்க வாங்கும் பத்து முழத்துக்கு மேல்கொண்டு ஒரு முழம் வாங்கி அரண்மனைக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கும் தொந்தரவில்லாத ஏற்பாடுதான், பிரளயநாதர் வரித் தணிக்கை அதிகாரியாக வந்து சேரும்வரை.

பிரளயநாதர் நெட்டை மனிதர். சும்மா நின்றாலே விரல் முழங்காலைத் தொடும். அவர் வீட்டில் மல்லிகைக்குக் குறைவே கிடையாது. மனைவி தலையில் மல்லிகை. ஆறு பெண்கள் தலையிலும் மல்லிகை. கொட்டிலில் நிற்கிற ஆட்டுக்குக்கூடக் கொம்புக்கு இரண்டு சுற்று மல்லிகை.

ஒருநாள் அவர் செங்கமலத்தின் பூக்கடைக்குத் தணிக்கைக்கு வந்தார். தோட்டத்துக்குப் போய்ச் சரம் வாங்கி வருவது அவள் புருஷன் காத்தான். கடையில் உட்கார்ந்து விற்பது அவள். ஓலையைப் புரட்டிக்கொண்டே வந்த பிரளயநாதர் துள்ளி எழுந்தார்.

"நேற்று வரிப் பூ போக வாங்கியது முந்நூறு முழம். விற்றது நானூறு முழம். நூறு முழம் எங்கிருந்து வந்தது?"

"அது வந்துங்க சாமி, முழம் போட்டு வாங்குறது அவரு கை. முழம் போட்டு விக்கிறது என் கை. ரெண்டையும் பாருங்களேன்."

காத்தான் பனைமரம் மாதிரி நின்றான். அவன் பக்கத்தில் செங்கமலம் குத்துவிளக்கு உயரம்.

"என் முழம் சின்னதுன்னு ஊருக்கே தெரியும் சாமி. அதான் விலையும் சின்னதா வச்சிருக்கேன்."

"கணக்கில் எண் உண்டு, கை கிடையாது!" என்றார் பிரளயநாதர். "முழம் என்றால் முழம். எங்கேயோ ரகசியமாக ஒரு மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறாய். டேய், தேடுங்கள்!"

சேவகர்கள் கடைத் தரையைத் தோண்டினார்கள். தண்ணீர்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் காத்தானின் தலைப்பாகையை அவிழ்த்து உதறினான். வாடிய இதழ் ஒன்று விழுந்தது. 'தோட்டத்தின் ஒரு பகுதி கைப்பற்றப்பட்டது' என்று பிரளயநாதர் எழுதிக்கொண்டார்.

கடைக்கு முத்திரை விழுந்தது.

"மூன்று நாளில் தோட்டத்தைக் காட்டு. இல்லையென்றால் கடை அரசாங்கத்துக்கு."

நான்காம் நாள் வசந்த விழா. வருஷத்துச் சம்பாத்தியமே அந்த ஒரு வாரம்தான். செங்கமலம் அழுதுகொண்டே ஆதிமூலத்திடம் ஓடினாள். ஆதிமூலம் அரசவை விகடகவி, வாயை வைத்தே சோறு சாப்பிடுகிற ஆள். அவர் மனைவிக்குப் பூ போவது இவள் கடையிலிருந்துதான்.

"இல்லாத தோட்டத்த நான் எங்க போய்க் காட்டுவேன் ஐயா?"

ஆதிமூலம் எல்லாவற்றையும் கேட்டார்.

"நாளைக்கு அவைக்கு வாம்மா. ஓலை எதுவும் வேண்டாம். உன் புருஷன் கையை மட்டும் கொண்டு வா."

"கைய மட்டுமா?"

"மீதி ஆளும் கூடவே வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை."

மறுநாள் அவையில் பிரளயநாதர் குற்றத்தை வாசித்தார். அரசர் வீரகேசரி வாயைப் பிளந்தார். "ஒரே நாளில் நூறு முழம் கூடுதலா! அந்தத் தோட்டத்தை நானும் பார்க்க வேண்டுமே!"

"அதிகாரி கறாரானவர் அரசே," என்று ஆதிமூலம் எழுந்தார். செங்கமலம் திரும்பிக் காத்தானைப் பார்த்தாள். "ஐயா, வரிப் பூவை யார் அளந்து வாங்குகிறார்கள்?"

"நானேதான்! வேறு யாரையும் நம்புவதில்லை. இந்தக் கடையில் தினமும் முப்பது முழம், என் கையால்."

"அரண்மனையில்?"

"அந்தப்புரத்துப் பணிப்பெண் தத்தை அளந்து வாங்குகிறாள். அங்கேயும் முப்பது. கூடாது, குறையாது!"

"ஆகா! தத்தையைக் கூப்பிடுங்கள். ஒரு சரமும் கொண்டு வாருங்கள்."

தத்தை வந்தாள். அவளும் செங்கமலமும் ஒரே உயரம். ஆதிமூலம் சரத்தைக் காத்தானிடம் கொடுத்தார். மூன்று முழம். செங்கமலம் போட்டாள். நான்கு முழம். தத்தை போட்டாள். நான்கு. அரசருக்கும் ஆசை வந்து இறங்கி வந்து போட்டுப் பார்த்தார். "எனக்கு மூன்றரைதானா?" என்று முகம் சுருங்கித் திரும்பிப் போனார். மந்திரி வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் சேனாதிபதி.

பிரளயநாதர் கத்தினார். "அப்படியானால் அந்த நீளக் கைக்குத் தனி வரி கட்டினாயா காத்தா?"

"தாங்களும் ஒருமுறை போடுங்கள் ஐயா," என்றார் ஆதிமூலம்.

அரசர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்க முடியவில்லை. போட்டார். மூன்று முழம்.

"அரசே, நீளக் கை வாங்கிய பூ குட்டைக் கைக்குப் போனால் வளர்கிறது. காத்தானின் முந்நூறு, செங்கமலத்திடம் நானூறு. அப்படியென்றால் அதிகாரியின் முப்பது, தத்தையிடம் நாற்பதாக வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை. நூறு முழம் எங்கிருந்து வந்தது என்று இவர் கேட்டார். பத்து முழம் எங்கே போனது என்று நான் கேட்கிறேன்."

பிரளயநாதரின் நீளக் கைகள் மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின.

"அவர் தேடிய ரகசியத் தோட்டத்தை நான் பார்த்துவிட்டேன் அரசே. அவர் வீட்டுக் கொட்டிலில் நாலு காலில் நிற்கிறது. கொம்பில் பூத்திருக்கிறது. என்னைப் பார்த்து 'மே' என்றது."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது. முத்திரை அன்றைக்கே உடைந்தது. தோண்டிய தரையை மூடி மெழுகிக் கொடுக்க வேண்டியது பிரளயநாதர். நீளக் கை, சீக்கிரம் முடிந்துவிடும் என்றார் அரசர். பதவி, அவர் தரையைப் பார்த்துக் குனிவதற்கு முன்பே போய்விட்டது.

"ஆதிமூலம், உமக்கு ஒரு முழம் பொற்சங்கிலி! தத்தை, கருவூலத்துக்குப் போய் அளந்து கொண்டு வா."

ஆதிமூலம் பதறிப்போய்க் குறுக்கே விழுந்தார்.

"தத்தைக்கு எதற்குச் சிரமம் அரசே? காத்தான் கை சும்மாதானே இருக்கிறது!"